களவுபோன பொருளுக்குப் பொறுப்பாளர் யார்?

பொருளை ஈட்டுவது அரிது. ஈட்டியதைக் காப்பது அதனினும் அரிது. காத்து வைத்த பொருள் களவு போய்விட்டால் அதனை மீட்டுத் தருவது யார் கடமை? மீட்க இயலாவிடில் அதன் மதிப்பை ஈடு செய்வது யார் பொறுப்பு? மக்கள் ஊர் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டு எழுந்துவரும் வினாக்கள் இவை. இன்று இவற்றுக்குக் 'காப்பீடு' என ஒரு சொல்லில் விடை கூறிவிடுகிறோம். ஆயின், மலைக்கோட்டையைச் சூழ்ந்த திருச்சிராப்பள்ளியிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலும் வாழ்ந்த நம் முன்னோர் இவற்றுக்கு வேறு விடை கண்டிருந்தனர். அவ்விடை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு சீர்கெட்டது, அதன் இடத்தைப் பிடித்த புதிய விடை எத்தகையது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அரசும் ஊரும் ஏற்ற பொறுப்பு

களவைத் தடுக்கத் தவறியவனே களவின் நட்டத்தை ஏற்க வேண்டும் என்பது பழைய ஆட்சியாளர் பலர் ஒப்புக்கொண்ட நெறியாகும். வணிகரின் பொருள் ஊர் எல்லைக்குள் காணாமற்போனால் ஊர்த் தலைவனும், ஊர்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் காணாமற்போனால் அந்நிலத்துக்குரிய அதிகாரியும் ஈடு செய்ய வேண்டும் என அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. அக்பரின் அவையில் வாழ்ந்த அபுல் ஃபஸ்ல் தமது 'ஆயினெ அக்பரி'யில் நகரக் கொத்தவாலின் கடமைகளை அடுக்கும்பொழுது, அவன் திருடனைப் பொருளோடு கண்டுபிடிக்க வேண்டும், இன்றேல் நட்டத்துக்குத் தானே பொறுப்பாவான் என்று கூறுகிறார்.

இது கீழ்த்திசைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இங்கிலாந்தில் 1285-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வின்செஸ்டர் சட்டம், வழிப்பறி நிகழ்ந்த வட்டாரத்து மக்கள் கள்வரைப் பிடித்துக் கொடாவிடில் அவர்களே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்றது. மூன்று நூற்றாண்டு கழிந்து, எலிசபெத் அரசியின் காலத்தில், 1585-இல் அதற்கொரு கட்டுப்பாடு வந்தது. பொருளை இழந்தவன் அருகிலுள்ள ஊராருக்குக் காலந்தாழ்த்தாது அறிவித்திருக்க வேண்டும். கள்வரைத் தான் அறியேன் எனச் சத்தியம் செய்யவும் வேண்டும். 1827-இல் வழிப்பறிக்கான இப்பொறுப்பு அந்நாட்டில் நீக்கப்பட்டது. 'உடனே அறிவி, உன் நேர்மையை மெய்ப்பி' என்னும் அவ்விரு நிபந்தனைகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இன்றைய காப்பீட்டிலும் அவற்றைச் சந்திக்க இருக்கிறோம்.

ஃபிக்ஹு நூலோரின் ஆய்வு

இஸ்லாமியச் சட்ட நூல்களில் 'ளமான்' என்னும் பொறுப்பேற்பு ஒரு பெரும் பகுதியாகும். ஒருவர் கையில் பொருள் இருக்கும் நிலையை நூலோர் இரண்டாகப் பகுத்தனர். ஒன்று அமானிதக் கை; மற்றொன்று பொறுப்பேற்ற கை. அமானிதமாகப் பெற்ற பொருள், பெற்றவரின் கவனக்குறைவோ வரம்புமீறலோ இன்றிக் களவு போனால் அவர் ஈடு தரவேண்டியதில்லை. கூலி பெற்றுப் பலருடைய பொருளையும் கையாளும் தொழிலாளியின் நிலை யாது? சாயமிடுபவர், தையற்காரர் போன்றோர் பொறுப்பாளரே என்று ஹளரத் அலீ (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததாகவும், மக்களின் நலனுக்கு அதுவே ஏற்றது எனக் கருதியதாகவும் அறிவிக்கப்படுகிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் அத்தகைய தொழிலாளியின் கையையும் அமானிதக் கையாகவே கொண்டார்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) தவிர்க்கக்கூடிய இழப்பாகிய களவு போன்றவற்றில் அவன் பொறுப்பாளியே என்றார்கள்.

களவுச் சட்டத்தில் நூலோர் பேசும் 'ஹிர்ஸ்' என்பதும் கருதத்தக்கது. பொருளுக்குரிய பாதுகாப்பான இடம் என்பது அதன் பொருள். பூட்டிய பெட்டியிலிருந்து எடுப்பதும், தெருவில் விட்டுச்சென்ற பொருளை எடுப்பதும் ஒன்றல்ல. உரியவன் தன் பொருளை உரிய முறையில் வைத்திருந்தானா என்னும் வினா, கள்வனைப் பற்றிய விசாரணையோடு சேர்ந்தே எழுகிறது.

தமிழகத்துக் காவல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் சொல் பயில்கிறது. ஊரைக் காப்பதற்காக ஊரார் செலுத்திய வரியே அது. திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கேயுள்ள புதுக்கோட்டைச் சீமையில், ஊர்ச் சபைகள் இப்பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்றுக்கொடுத்த செய்தியைக் கூறும் கல்வெட்டுகள் பல உள. காவலும் ஓர் உரிமை, அதற்கும் ஒரு விலை என்னும் கருத்து அன்றே வேரூன்றிவிட்டது.

பிற்காலத்தில் இம்முறை ஊரளவில் தலக்காவல் என்றும், பல ஊர்களைத் தழுவித் தேசக்காவல் என்றும் விரிந்தது. கள்ளர், மறவர், முத்தரையர், அம்பலகாரர் முதலிய சமூகத்தார் பல சீமைகளிலும் இக்காவலை மேற்கொண்டிருந்தனர். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டிலேயே காவற்காரருக்குரிய நெல் அளக்கப்பட்டது. அதற்கு எதிராக அவர் ஏற்ற கடமை தெளிவானது: ஊரில் களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும்; இயலாவிடில் அதன் மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். 1812-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட புகழ்பெற்ற ஐந்தாம் அறிக்கையிலும் இக்காவல் முறை இடம்பெற்றுள்ளது.

சென்னைப் பட்டினத்தின் வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்றுண்டு. கிழக்கிந்தியக் கும்பினியார் பதினேழாம் நூற்றாண்டில் அந்நகரின் காவலைப் பெத்த நாயக்கர் என்னும் பதவியினரிடம் ஒப்படைத்தனர். நிலமும் சில சுங்கங்களும் அவருக்குரியவை. களவு போன பொருளுக்கு ஈடு செய்வது அவருடைய கடமை. பெத்தநாயக்கன்பேட்டை என்னும் பெயர் அப்பதவியின் நினைவாகும். 1806-இல் அப்பதவி ஒழிக்கப்பட்டுக் கும்பினியின் சொந்தப் போலீசு அமைக்கப்பட்டது.

ஆயினும் காவல் என்பது அமைதி நிலவும் காலத்துக்கே உரியது. 1751, 1752-ஆம் ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முற்றுகையிட்ட சந்தா சாகிபும் ஃபிரெஞ்சுக்காரரும் திருவரங்கத் தீவில் பாசறை அமைத்திருந்தனர். 1752 ஜூன் மாதத்தில் அவர்கள் அங்கேயே தோல்வியுற்றுப் பணிந்தனர். அக்காலத்துப் படையிலிருந்து ஓடிப்போன ஃபிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் அரங்கன் கோயில் வைரத்தைக் கவர்ந்து சென்றான் என்றும், கைமாறிக் கைமாறி அதுவே ரஷ்ய அரசி காதரைனுக்குக் கவுண்ட் ஓர்லோவ் அளித்த வைரமாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஏறத்தாழ 190 காரட் எடையுள்ள ஓர்லோவ் வைரம் இப்பொழுது மாஸ்கோவின் கிரெம்ளினில் இருப்பது மெய். கோயிலிலிருந்து அது சென்ற கதையோ சான்றால் நிலைநாட்டப்படாதது. கதை எவ்வாறாயினும், போர் வந்த ஊரில் ஈடு கேட்கக் காவற்காரருமில்லை, கொடுக்க அரசருமில்லை என்பதை அது நன்கு உணர்த்துகிறது.

காவல் சீர்கெட்ட விதம்

எந்த நல்ல ஏற்பாடும் கண்காணிப்பு இன்றேல் கெடும். காவற்கூலி கொடுத்த ஊரில் களவு குறைந்தது. கொடாத ஊரில் மாடுகள் மறைந்தன. மறைந்த மாட்டைத் தேடுவோரிடம் ஒருவர் வந்து, இன்ன தொகை கொடுத்தால் துப்புக் கிடைக்கும் என்பார். அதற்குத் 'துப்புக்கூலி' என்று பெயர். மாட்டின் விலையில் பாதியளவும் அது இருந்ததுண்டு. பணம் கைமாறியபின், குறித்ததோர் இடத்தில் மாடு தானே மேய்ந்துகொண்டிருக்கும். 1906-இல் மதுரை மாவட்ட விவரநூலை எழுதிய ஃபிரான்சிஸ் இதனை விவரித்துள்ளார். காப்பதற்காகப் பெற்ற கூலி, தொல்லை செய்யாதிருப்பதற்கான கூலியாக மாறியது.

ஆங்கில அரசு 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் ஊர்ப் போலீசை மணியக்காரரிடம் ஒப்படைத்தது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால் சென்னை மாகாணம் முழுவதற்கும் சம்பளம் பெறும் போலீசுப் படையை நிறுவியது. இங்கே நாம் உற்று நோக்க வேண்டிய மாற்றமொன்று உண்டு. புதிய போலீசுக்காரர் கள்வனைத் தேடுவார். ஆனால் பொருளுக்கு ஈடு தரமாட்டார். தேடுதலும் ஈடுசெய்தலும் ஒரே கையில் இருந்த நிலை அன்றோடு அற்றுப்போயிற்று.

அத்தோடு நின்றிருந்தால் நலமாயிருக்கும். காவல் உரிமையை இழந்த சமூகங்களையே குற்றவாளிகள் என முத்திரையிட்டது அரசு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், பிறப்பினாலேயே ஒருவர் பெயர் பதியப்பட்டு, இரவில் காவல் நிலையத்துக்கு வந்து கைந்நாட்டு வைக்கும் இழிநிலை ஏற்பட்டது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒருவன் செய்த களவுக்காக ஒரு குலத்தையே கட்டிவைப்பது நீதியன்று. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பதே நாம் கற்ற நெறி. பொருளை இழந்தவனின் துயரத்துக்குப் பரிகாரம் தேடும்பொழுது, குற்றமற்றவனின் மானத்தைப் பறித்துவிடக்கூடாது என்பதற்கு இவ்வரலாறு எச்சரிக்கையாகும்.

கூலி வாங்கிக் காவாதவர்

இடைக்காலத்தில் பொருளை இழந்தவனுக்கு ஈடு தருவார் எவருமிலர். 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு இரயில் வந்தது. பயணமும் பெருகியது, பயணப் பெட்டிகளும் பெருகின. இரயில்வே சட்டமோ, பதிவு செய்து இரசீது பெற்ற மூட்டைக்கே பொறுப்பேற்கிறது. பயணி தன்னுடன் கொண்டுசெல்லும் பொருள் களவு போனால், ஊழியரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி நிர்வாகம் பொறுப்பன்று என்பது 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு. இடுப்பில் கட்டியிருந்த பணத்தை இரயிலில் இழந்த ஒருவரின் வழக்கில், 2023 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றமும் இரயில்வே பொறுப்பாகாது என்றே தீர்த்தது. அமானிதக் கை, பொறுப்பேற்ற கை என நம் நூலோர் வகுத்த வேறுபாட்டின் சாயல் இங்கே தெரிகிறதன்றோ?

இவ்வெற்றிடத்தை நிரப்ப வந்ததே காப்பீடு. கப்பற்சரக்குக்குக் காப்பீடு இத்தாலியத் துறைமுகங்களில் பதினான்காம் நூற்றாண்டிலேயே தோன்றியது. வீட்டுக் களவுக்கான காப்பீடு இலண்டனில் 1880-களின் இறுதியில்தான் வந்தது. கல்கத்தாவில் 1850-இல் டிரைட்டன் கழகமும், பம்பாயில் 1907-இல் இந்தியன் மெர்க்கண்டைல் கழகமும் பொதுக் காப்பீட்டைத் தொடங்கின. 1973 ஜனவரி முதல் நாளன்று 107 கழகங்கள் நாட்டுடைமையாகி நான்கு நிறுவனங்களாயின. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தனியாரும் மீண்டும் இத்துறையில் நுழைந்தனர்.

டமாஸ்கஸ் நகரத்து மாமேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) ஹிஜ்ரி 1252-இல், கி.பி. 1836-இல் மறைந்தவர். ஐரோப்பிய வணிகர் 'ஸவ்கரா' என்னும் பெயரால் கப்பற்சரக்குக்குப் பணம் வாங்கிப் பொறுப்பேற்பதைத் தமது 'ரத்துல் முஹ்தா'ரில் அவர் ஆராய்ந்தார். கூலி பெற்று அமானிதம் காப்பவன் பொறுப்பாளியன்றோ, இவனும் அவனைப் போன்றவன்தானே என்னும் வாதத்தை அவரே எழுப்பி, சரக்கு இவன் கையில் இல்லை, கப்பற்காரன் கையில் உளது என விடையளித்தார். 'இவ்வழியே செல், அச்சமில்லை. பொருள் பறிபோனால் நான் பொறுப்பு' என ஒருவன் உறுதி கூறினால் அவன் பொறுப்பாளி என்னும் சட்டத்தையும் எடுத்து ஆய்ந்து, அதுவும் இதுவும் வேறு எனப் பிரித்துக் காட்டினார். ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹுக் கழகம் 1985 டிசம்பரில் வணிகக் காப்பீட்டை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. வாகனம் ஓட்ட மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும் என்பதோ நம் நாட்டில் 1946 ஜூலை முதல் சட்டத்தின் கட்டாயமாகும். இவற்றைப் பற்றி மார்க்கத் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இப்னு ஆபிதீன் தொட்டுக்காட்டிய வேறுபாடே நமக்கு வேண்டியது: காவற்காரர் கூலி வாங்கினார், காத்தார், தவறினால் ஈடு தந்தார். காப்பீட்டார் கூலி வாங்குகிறார், ஈடு தருகிறார், ஆனால் காப்பதில்லை. காக்கும் சுமை உரியவன் தலையிலேயே இருக்கிறது. இன்றைய நடைமுறைகள் அனைத்தும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

இன்றைய நடைமுறை

வைகுண்ட ஏகாதசியின்போது திருவரங்கத்தின் வீதிகளிலும், நாள்தோறும் சத்திரம் பேருந்து நிலையத்தருகிலும் காந்தி மார்க்கெட்டிலும் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணி முடியாது. அவற்றுள் ஒன்று களவு போனால் உரியவர் செய்ய வேண்டுவன யாவை?

முதற்கண், அவருடைய பாலிசி களவைத் தழுவுகிறதா என அறிய வேண்டும். இதில்தான் எளியோர் பலர் ஏமாந்துபோகின்றனர். 2018 செப்டம்பர் முதல் விற்கப்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்கு, உச்ச நீதிமன்ற ஆணையின்படி ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பு சேர்ந்தே வருகிறது. அது பிறருக்கு நாம் விளைக்கும் தீங்குக்கானது. களவைத் தழுவும் சொந்தச் சேதக் காப்பை ஓராண்டுக்கே எடுத்துப் பின்னர் புதுப்பியாது விடுவோர் பலர். நம்மிடம் அரபு பயின்ற இளைஞர் ஒருவர், அம்மா மண்டபத்தருகே வண்டியை இழந்து, 'பாலிசி இன்னும் ஈராண்டு இருக்கிறது, ஹளரத்' என்று நம்பிக்கையோடு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அது மூன்றாம் தரப்புக் காப்பு மட்டுமே. மாதத் தவணையோ இன்னும் முடியவில்லை. வண்டியில்லாமலே அவர் தவணை கட்டி முடித்தார்.

காப்பு உண்டெனில், உடனே காவல் நிலையத்தில் முறையிட்டு முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற வேண்டும், அது இலவசம். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும், வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுத்தால் அறிவிக்க வேண்டும். திருவரங்கத்துப் பதிவெண் த.நா. 48 எனவும், திருச்சி மேற்கு 45, கிழக்கு 81 எனவும் தொடங்கும். நிறுவனம் விசாரணையாளரை அனுப்பும்; பதிவுச் சான்றையும் இரு சாவிகளையும் கேட்கும். சாவி ஒன்று குறைந்தால், வண்டியிலேயே விட்டுச்சென்றீரோ என்னும் ஐயம் எழும். நாம் மேலே கண்ட ஹிர்ஸ் என்னும் வினாவே இது. போலீசார் தேடியும் கிடைக்கவில்லை என அறிக்கை தந்தபின், வண்டியின் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றும் படிவங்களில் ஒப்பமிட வேண்டும். கடன் நிலுவையிருப்பின் கடன் கொடுத்தவருக்கே முதலில் பணம் சேரும்.

கிடைக்கும் தொகை வாங்கிய விலையன்று. பாலிசியில் குறித்த மதிப்பாகும். ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15, ஈராண்டுக்குள் 20, மூவாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 விழுக்காடும் கழிக்கப்படும். 80,000 ரூபாய் வண்டி, இரண்டு ஆண்டு கடந்து மூன்று நிறையாத நிலையில், 56,000 ரூபாயாக மதிக்கப்படும்.

காலந்தாழ்த்தி அறிவித்ததாகக் கூறிப் பல கோரிக்கைகள் மறுக்கப்பட்டதுண்டு. டிராக்டர் களவு ஒன்றில், போலீசுக்கு அன்றே அறிவித்தும் நிறுவனத்துக்கு 52 நாள் கழித்து அறிவித்தார் ஒருவர். அதனை மட்டும் காரணமாகக் கொண்டு உண்மையான கோரிக்கையை மறுத்தல் ஆகாது என 2020 ஜனவரி 24-ஆம் நாள் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. மறுக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; அல்லது ஈராண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

முடிவாக

பழைய முறையில், பொருளை இழந்தவன் காவற்காரரின் முகத்தைப் பார்த்து, 'நெல் அளந்தேனே, என் மாடு எங்கே?' என்று கேட்க முடிந்தது. புதிய முறையில் அவனே தாள்களைச் சுமந்து சென்று, தான் இழந்ததையும் தான் கவனமாக இருந்ததையும் மெய்ப்பிக்க வேண்டியுளது. பழையதில் முகமிருந்தது, அச்சமும் இருந்தது. புதியதில் அச்சமில்லை, முகமுமில்லை. குலத்தால் ஒருவர் காவலராகவும் கள்வராகவும் எண்ணப்பட்ட நாளுக்கு நாம் திரும்ப வேண்டியதில்லை. ஆயின், கூலி பெற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என அந்நாளில் களத்துமேட்டில் விளங்கிய நீதியை இந்நாளிலும் எழுத்தறிவு குறைந்த ஏழை எளிதில் பெற வேண்டும்.

அதற்கு நம்மால் ஆவதுமுண்டு. ஜமாஅத்தில் படித்த இளைஞர் நால்வர் கூடி, வெள்ளி தோறும் தொழுகைக்குப் பின், ஆட்டோ ஓட்டுவோர், மீன் விற்போர், தறிக்காரர் ஆகியோரின் பாலிசித் தாள்களைப் படித்துச் சொன்னால் போதும். எது காக்கப்பட்டது, எது காக்கப்படவில்லை, எந்நாளில் காலாவதி என்பதைக் களவுக்குமுன் அறிந்தவனே களவுக்குப்பின் கேட்க வல்லவனாவான். பிறர் பொருளுக்குப் பாதுகாப்பாய் அமைவதும் ஓர் அமானிதமே.